பாலத்துக்கு ஓர் ஆளைப் போடுங்கள்: பழைய கல்பாலங்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தொல்லியல் துறை, நெடுஞ்சாலைத் துறை, நகராட்சி, பாரம்பரிய வாரியம் என்று நாட்டுக்கு நாடு உங்கள் பெயர் மாறும். எந்தப் பெயரில் இருந்தாலும் சரி, அறுநூறு எழுநூறு வருடத்துக்கு முன்னால் கட்டிய ஒரு கல்பாலத்தின் கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது என்றால் இந்த மடல் உங்களுக்குத்தான்.

நான் பொறியாளர் இல்லை. பழைய பாலங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதும் அவற்றைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பதும் பல வருடப் பழக்கம், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறைத்த ஒரே விஷயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களிடம் பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் ஆளைப் போடுங்கள், அவர் கையில் வருடா வருடம் கொஞ்சம் பணம் கொடுங்கள், அவரை அந்த வேலையை விட்டு மாற்றாதீர்கள். அந்தப் பாலத்தைக் கட்டியவர்களே செய்து வைத்திருந்த ஏற்பாடு இது. நாம்தான் கைவிட்டுவிட்டோம்.

மழை விட்ட மறுநாள் ஒரு பழைய பாலத்தின் வளைவுக்கு அடியில் போய் நின்று பாருங்கள். மேலே சாலை காய்ந்து கிடக்கும், ஆனால் அடியில் சொட்டிக்கொண்டே இருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து வருகிற அந்தச் சொட்டு பார்க்கத் தெளிந்த தண்ணீராகத்தான் தெரியும். ஆனால் அது விழுகிற இடத்தில் வெள்ளையாக ஒரு படிவு இருக்கும், அண்ணாந்து பார்த்தால் இடுக்குகளில் பல்லி வால் கனத்தில் வெள்ளைக் குச்சிகள் தொங்கும். அதெல்லாம் சுண்ணாம்பு. பாலத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கிற சாந்து கரைந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடுக்கை நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்து விரலில் ஒட்டும். முதல் தடவை அப்படி விரலில் ஒட்டியபோது எனக்கு உண்மையிலேயே பகீர் என்றது.

கல் வளைவு நிற்பது கற்கள் ஒன்றையொன்று நெருக்குவதால். கல்லை இழுத்தால் விண்டுபோகும், அமுக்கினால் பெரும் சுமையையும் தாங்கும். வளைவில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அமுக்கி, அந்த அமுக்கம் அப்படியே இறங்கித் தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் போய்ச் சேர்கிறது. தொங்குகிற சங்கிலியை அப்படியே தலைகீழாக்கினால் வளைவு நிற்கிற வடிவம் கிடைக்கும் என்று 1675-இல் ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் எழுதினார், ஆனால் அவருக்கு ஐந்நூறு வருடம் முந்தியே கொத்தனார்கள் கையாலேயே அதை அறிந்து கட்டிவிட்டார்கள். வளைவின் முதுகுக்கும் சாலைக்கும் நடுவில் மண்ணும் உடைகல்லும் போட்டு நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பலின் எடையும் சேர்ந்துதான் வளைவை அமுக்கிப் பிடிக்கிறது. அதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் மண் ஊறும், பக்கச் சுவரை வெளியே தள்ளும், குளிர் நாடு என்றால் உறைந்து விரியும், சாந்தைக் கரைத்துக்கொண்டு கீழே வரும். ஆக, மேல்தளத்தில் ஒரு விரிசலும் அடைத்துக்கொண்ட ஒரு வடிகுழாயும் இருந்தால் போதும், இருபது வருடத்தில் உள்ளே இருந்தே பாலத்தைத் தின்றுவிடும்.

இது மேலிருந்து வரும் தண்ணீர். கீழே ஓடும் தண்ணீர் இதைவிட மோசம், ஏனென்றால் அது செய்வது கண்ணுக்கே தெரியாது.

ஆற்றில் வெள்ளம் வரும்போது தூண் குறுக்கே நிற்பதால் தண்ணீர் தூணில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பி, அதன் காலடியில் சுழன்று மணலையும் கூழாங்கல்லையும் வாரிக்கொண்டு போகிறது. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பள்ளம் மிக ஆழமாக இருக்கும், அப்போது யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. வெள்ளம் வடியும்போது வேகம் குறைந்து, கொண்டுவந்த வண்டலை அதே பள்ளத்தில் போட்டு மூடிவிடும். நாலு நாள் கழித்து ஒருவர் வந்து பார்த்தால் ஆற்றுப்படுகை சமமாக இருக்கும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். அந்த வண்டல் புதுசு, இறுகாதது. அடுத்த வெள்ளத்தில் முதல் மணி நேரத்திலேயே போய்விடும், அதற்கப்புறம் பழைய பள்ளம் விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்படி ஒவ்வொரு வெள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக.

பிராக் நகரத்தின் சார்லஸ் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1357-இல் பேரரசர் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டிய பாலம், 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள். அதன் தூண்கள் சிலவற்றின் அடியில் ஆலைகளில் மாவரைக்கிற பெரிய வட்டக் கற்களைப் பரப்பி அதன்மேல்தான் கட்டியிருக்கிறார்கள். 1432 வெள்ளம் மூன்று தூண்களைச் சேதப்படுத்தியது. அப்புறம் 1890 செப்டம்பரில், ஆற்றில் மிதக்கவிட்ட மரக்கட்டைகள் வெள்ளத்தோடு வந்து வளைவுகளின் வாயை அடைத்துக்கொண்டன. வழி அடைபட்டதும் தண்ணீர் வேறு எங்கே போகும்? அடிவழியாகப் போனது. இரண்டு தூண்களின் காலடி குடையப்பட்டு மூன்று வளைவுகள் விழுந்தன. மரக்கட்டையைத் தள்ளிவிட ஆட்களும் கொக்கிகளும் தயாராக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அது பழைய கதை என்று நினைத்தால், 2015-க்கு வாருங்கள். பிப்ரவரி 1-ஆம் தேதி கிரேக்கத்தில் அரக்தோஸ் ஆற்றின் மேல் இருந்த பிளாக்கா பாலம் வெள்ளத்தில் விழுந்தது. 1866-இல் கட்டியது என்பதால் இடைக்காலப் பாலம் இல்லைதான், ஆனால் கட்டின முறை அதே முறை, சுமார் 40 மீட்டர் அகலத்துக்கு ஒற்றை வளைவு. அதே வருடம் டிசம்பர் 29 மாலை இங்கிலாந்தில் டாட்காஸ்டர் ஊரில், சுமார் 1700-இல் கட்டிய பாலத்தின் ஒரு பகுதி வார்ஃப் ஆற்றில் சரிந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது, பாலம் திறக்க 2017 பிப்ரவரி ஆகிவிட்டது. அந்த இடிந்த காட்சியின் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். நிற்கிறது நிற்கிறது என்றே பார்த்துக்கொண்டிருப்போம், சட்டென்று முகப்புக் கற்கள் மடிந்து தண்ணீருக்குள் போய்விடும். கல்பாலம் வளைந்து கொடுத்து எச்சரிக்காது. அதனால்தான் முன்கூட்டியே யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, இதைக் கட்டியவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கட்டி முடித்ததோடு விட்டுவிடவில்லை.

லண்டன் பாலத்தின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1176-இல் பீட்டர் என்ற பாதிரியார் கல்பாலம் கட்டத் தொடங்கினார். 1209-இல் முடிந்தது. அவர் 1205-இலேயே இறந்து, பாலத்தின் நடுவிலிருந்த சிற்றாலயத்தில் அடக்கமாகிவிட்டார். 19 வளைவுகள். தேம்ஸின் படுகையில் மரக்கழிகளை அடித்து இறக்கி, தூணைச் சுற்றிப் படகு வடிவில் மேடை கட்டி உள்ளே கல்லைக் கொட்டி வைத்தார்கள். தூணின் கால் அரிக்காமல் இருக்க அந்த மேடைகள். ஆனால் அவை ஆற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டதால் மிச்ச இடுக்குகளில் தண்ணீர் அருவி மாதிரிப் பாய்ந்தது, பாய்ந்து அந்த மேடைகளையே தின்றது. ஆகவே ஓயாத பராமரிப்பு தேவைப்பட்டது. கடல் ஓதம் இறங்கும் நேரம் பார்த்துத் தண்ணீருக்குள் இறங்கிக் கழி அடிப்பதற்கென்றே கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் கொத்தனாருக்கு எவ்வளவு, தச்சருக்கு எவ்வளவு, ஓத வேலைக்காரருக்கு எவ்வளவு என்று எழுதிய பதினைந்தாம் நூற்றாண்டுக் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. வாராவாரம் என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஏற்பாடு ஒரு தடவை அறுந்தது. மூன்றாம் ஹென்றி மன்னர், பாலத்தின் வருமானத்தைத் தன் ராணி எலினாருக்குக் கொடுத்துவிட்டார். வருமானம் ராணியிடம் போனது, பராமரிப்பு நின்றது, நகரத்து மக்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். 1281-82 குளிர்காலத்தில் பனிக்கட்டிகள் மோதி ஐந்து வளைவுகள் போயின. அதற்கப்புறம் 1282-இல், பாலத்தின் சொத்தும் வருமானமும் பாலத்துக்கே என்று ஆனது. அந்த நிதி இன்றும் இருக்கிறது, டவர் பாலம் உட்பட லண்டனின் ஐந்து பாலங்களைப் பராமரிக்கிறது, செலவு போக மிஞ்சுவதைத் தருமத்துக்குக் கொடுக்கிறது. பழைய பாலம் 1831 வரை, 622 வருடம், மக்களைச் சுமந்தது. பலவீனமான கட்டுமானம் அது, தொடக்கத்திலிருந்தே ஆறு அதைத் தின்றுகொண்டிருந்தது. ஆனாலும் 622 வருடம் நின்றது, தினமும் யாரோ அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால்.

கோயில் விளக்கு அணையாமல் எரிய நிலம் எழுதி வைப்பதைக் கட்டளை என்போமே, அதே எண்ணம்தான். பாலத்துக்கு ஒரு கட்டளை. இங்கிலாந்தின் ரோச்செஸ்டரிலும் அப்படித்தான்: 1381-இல் பனிக்கட்டி பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனது, 1391-இல் கல்பாலம் தயாரானது, 1399-இல் அதற்கென்று நிலங்களோடு ஒரு அறக்கட்டளை உருவானது. அந்தக் கல்பாலத்தை 1857-இல் வெடி வைத்து அகற்றிவிட்டார்கள். அறக்கட்டளை மட்டும் இன்னும் மெட்வே ஆற்றின் பாலங்களைக் காத்துக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க்கில் 1135 முதல் 1146 வரை டானூப் மேல் கட்டிய 16 வளைவுப் பாலத்துக்கு இடைக்காலத்திலேயே தனி அதிகாரியும் தனி முத்திரையும் இருந்தன. முத்திரை இருந்தால் அது தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் போடலாம். பாலத்தை ஓர் ஆளாகவே மதித்திருக்கிறார்கள்.

பணமும் ஆளும் தீர்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகரத்தைப் பார்க்கலாம். 1185-இல் முடிந்த பாலம், ரோன் ஆற்றின் மேல் ஏறக்குறைய 900 மீட்டர், 22 வளைவுகள். போரில் இடிந்து, திரும்பக் கட்டி, வெள்ளத்தில் விழுந்து, திரும்ப நிறுத்தி என்று நானூற்றுச் சொச்சம் வருடம் போராடியிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வளைவுகள் விழ விழ, இனி முடியாது என்று கைவிட்டார்கள். இன்று நாலு வளைவுகள் நிற்கின்றன. உலகம் முழுக்க மக்கள் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் ஆற்றைக் கடக்க முடியாது, பாதியில் நின்று திரும்ப வேண்டும்.

இப்போது கொஞ்சம் மனக்குறையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்கிற பழுதுபார்ப்பே எத்தனையோ பாலங்களைக் கெடுத்திருக்கிறது. குறிப்பாக சிமெண்ட். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. வெயிலில் பாலம் கொஞ்சம் விரியும், குளிரில் சுருங்கும், அந்த அசைவைச் சாந்து வாங்கிக்கொள்ளும். மயிரிழை விரிசல் விட்டாலும் கரைந்த சுண்ணாம்பு அதிலேயே மறுபடி படிந்து ஓரளவு தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். கல்லுக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியே வரும், ஈரத்தோடு வருகிற உப்பும் சாந்திலேயே படியும். கல்லுக்காகச் சாந்து தேய்கிறது. தேய்ந்ததும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து வைக்கலாம், கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

அந்த இடத்தில் சிமெண்ட்டைப் பூசினால் எல்லாம் தலைகீழ். சிமெண்ட் பல கற்களைவிடக் கெட்டி, ஈரத்தையும் எளிதில் விடாது. ஈரம் வேறு வழியில்லாமல் கல்லின் முகம் வழியாக வெளியேறும், உப்பும் அங்கேயே படியும், கல்லின் முகம் செதில் செதிலாகக் கழன்று விழும். பத்து வருடம் கழித்துப் போனால் சிமெண்ட் கோடுகள் மட்டும் வலை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், நடுவில் கல் உள்வாங்கிப் போயிருக்கும். அப்படி ஒரு சுவரில் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அகலக் கல் முகம் ஒன்று தொட்டதும் கையோடு வந்தது. திரும்ப வைக்க இடமில்லாமல் அதை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்தேன். ஒப்பந்தப் புள்ளி கேட்கும்போதே சுண்ணாம்பு என்று எழுதுங்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும் என்றும் எழுதுங்கள். தெரியாதவர் கையில் சுண்ணாம்பும் உதிர்ந்துதான் போகும், அது மெதுவாக இறுகும், அவசரப்பட்டால் நிற்காது.

வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். ரீகன்ஸ்பர்க்கில் 1997-இல் கார்களை நிறுத்தினார்கள், பேருந்துகளை 2008-இல்தான் நிறுத்த முடிந்தது. 1945-இல் போரில் வெடி வைத்துத் தகர்த்த பகுதியைச் சரிசெய்யவே 1967 வரை ஆயிற்று. அப்புறம் கசிந்த தண்ணீரும் உப்பும் செய்த கேட்டைச் சரிசெய்ய 2010 முதல் 2018 வரை பெரிய வேலை நடந்தது. நன்றாகவே செய்தார்கள். ஆனால் ஒழுகுகிற தளத்தை அன்றன்றைக்கே கவனித்திருந்தால் அந்த எட்டு வருட வேலையில் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதுதான் என் கேள்வி.

பெரிய சீரமைப்பில் இன்னொரு இழப்பும் உண்டு. பணம் ஒரே தடவையாக வருகிறது, அதை இத்தனை மாதத்துக்குள் செலவழித்தாக வேண்டும், திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. அந்த அவசரத்தில் இன்னும் நூறு வருடம் இருந்திருக்கக்கூடிய கல்லும் கழற்றப்பட்டு, இயந்திரத்தில் அறுத்த புதுக் கல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிராக்கில் 2010-இல் முடிந்த சீரமைப்பில் கைப்பிடிச் சுவரின் பழைய கற்களை மாற்றிய விதத்தைப் பாரம்பரிய வல்லுநர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். உளிக் கொத்து, தேய்ந்த விளிம்பு, கல்தச்சர் தன் கணக்குக்காகப் பொறித்த குறி, இதெல்லாம் கல்லோடு போய்விடும். போஸ்னியாவின் மோஸ்தார் பாலத்தை 1993-இல் போரில் பீரங்கிக் குண்டுகளால் அழித்தபின் 2004-இல் அதே வகைக் கல்லில் எடுத்துக் கட்டியதை நான் மனதாரக் கும்பிடுகிறேன், அங்கே வேறு வழியில்லை. நிற்கிற பாலத்துக்கு அந்த நிலை வரக்கூடாது.

ஆக, நான் கேட்கும் ஆள் என்ன செய்வார்? பெரிதாக எதுவும் இல்லை. வடிகுழாய்களில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் எடுத்துவிடுவார். இடுக்கில் முளைத்த செடி விரல் கனம் ஆவதற்குள் வெட்டிவிடுவார், பிடுங்க மாட்டார், ஏனென்றால் வேர் இறங்கிவிட்ட செடியைப் பிடுங்கினால் கல்லும் கூட வரும். வெள்ளத்தில் வந்து தூணில் சிக்கிய மரத்தை அடுத்த வெள்ளம் வருமுன் அகற்றச் சொல்லி உங்களுக்கு எழுதுவார். ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் வருடா வருடம் படம் எடுப்பார், விரிசல் நீள்கிறதா என்று அளந்து தேதியோடு குறிப்பார். தண்ணீர் குறைந்த மாதத்தில் தூணின் காலடியைக் கம்பி விட்டுக் குத்திப் பார்த்து, எங்கே கெட்டி மண், எங்கே புது வண்டல் என்று எழுதி வைப்பார். மரக்கழி அஸ்திவாரம் என்றால் அது தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருக்கிறதா என்று பார்ப்பார். மூழ்கியிருக்கும் வரை அந்த மரம் நூற்றாண்டுக் கணக்கில் கெடாது, யாராவது ஆற்றைத் தோண்டி நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டுவிட்டால் உளுத்துவிடும். ஆழமான இடத்துக்கு முக்குளிப்பவரை அனுப்பச் சொல்லி உங்களைக் கேட்பார், நீங்கள் மறுக்காமல் அனுப்ப வேண்டும்.

இவர் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பே அடுத்தவரைச் சேர்த்து, இருவரும் சேர்ந்து இரண்டு மழைக்காலம் பாலத்தடியில் நிற்கட்டும். எந்தக் கல் எப்போதும் ஈரமாக இருக்கும், எந்த விரிசல் பழசு என்பதெல்லாம் கோப்பில் முழுசாக ஏறாது, ஒருவர் இன்னொருவருக்குக் கைகாட்டித்தான் சொல்ல முடியும். ஒரு மாவட்டத்தில் பத்துச் சின்னப் பாலங்கள் இருந்தால் பத்துக்கும் சேர்த்து ஒருவர் போதும். ஆனால் அவர் பெயரில் பொறுப்பு இருக்கட்டும், துறையின் பெயரில் மட்டும் இருந்தால் எல்லோருடைய பொறுப்பும் யாருடைய பொறுப்பும் இல்லாமல் போய்விடும்.

கடைசியாக ஒன்று. பாலத்தின் வரலாற்றைச் சொல்லும் பலகை இரண்டு முனையிலும் வைத்திருக்கிறீர்கள், யார் கட்டியது, எந்த ஆண்டு, எத்தனை வளைவு என்று. அதன் கீழேயே இன்னொரு வரி சேருங்கள்: இந்தப் பாலத்தின் அடியில் கடைசியாக இறங்கிப் பார்த்தவர் யார், எந்தத் தேதியில். எழுதி அழித்து மாற்றும்படி ஒரு சின்னப் பலகை போதும். அதில் முதல் தேதியை நீங்கள் எழுதிவிட்டால், அடுத்தது எப்போது என்று கடந்து போகிற மக்களே கேட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
பழைய பாலங்களின் மேல் பற்றுக்கொண்ட ஒருவன்